மூன்று விற்பனை, மூன்று விலை: பரந்தன் வளவுக்கு எதை வைத்து மதிப்புப் போடுவது?

வேம்படி:
வணக்கம். பரந்தனில் ஏ9 வீதியிலிருந்து ஒழுங்கையால் அரைக் கிலோமீற்றர் உள்ளே போனால் எங்கள் அம்மாவின் வளவு. 4 பரப்பு (பரப்பு எங்கள் பக்கத்து நில அளவு), உறுதிக் காணி, அதாவது எங்கள் பெயருக்கே சொந்தப் பத்திரம் உள்ளது. வீடு சண்டையோடு போய்விட்டது. அத்திவாரமும் நல்ல தண்ணீர்க் கிணறும்தான் மிச்சம். எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. அவன் கனடாவில். தன் பாதியை எனக்கே தருகிறேன், நியாயமான விலை சொல்லு என்கிறான்.

அக்கம்பக்கத்தில் விற்ற மூன்று காணிகளைப் பிடித்தேன்.
1. ஏ9 ஓரம், 2 பரப்பு, போன வருடம். பரப்பு 30 லட்சம்.
2. எங்கள் ஒழுங்கையிலேயே 3 பரப்பு, 2021 இல். உறுதியில் 12 லட்சம், அதாவது பரப்பு 4.
3. குளப் பக்கம் 8 பரப்பு, இரண்டு மாதத்துக்கு முன். பரப்பு 8.

முதலாவதில் றோட்டுக்காக 40 வீதம் கழித்தேன், 18 வந்தது. 18, 4, 8 மூன்றையும் கூட்டிப் பிரித்தால் 10 லட்சம். ஆனால் 4 எங்கே, 18 எங்கே? இந்தச் சராசரியைத் தம்பியிடம் காட்ட எனக்கே கூச்சமாக இருக்கிறது. வங்கியால் வந்தவர் வேறு ‘அவசர விற்பனைப் பெறுமதி’ என்று பரப்புக்கு 9 போட்டிருக்கிறார்.

காணித் தரகன்:
அக்கா, அந்தப் பக்கம் இப்ப 20க்குக் குறைய ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை. இணையத்தில் விளம்பரங்களைப் பாருங்கோ.

ஓய்வூதியக்காரர் (முன்னாள் மதிப்பீட்டாளர்):
தம்பி, கேட்கிற விலை வேறு, கைமாறின விலை வேறு. அந்த விளம்பரங்களில் எத்தனை ஒரு வருடமாக அப்படியே கிடக்கின்றன?

பிள்ளை, உங்கள் கணக்கில் பிழை இல்லை, காணிகளில்தான் பிழை. விலையைப் பார்க்குமுன், விற்றது யார், ஏன், எந்தப் பத்திரத்தில் என்று கேளுங்கள். ஏ9 ஓரத்தில் வாங்கியவர் அங்கே என்ன செய்கிறார்? கடை போட்டிருந்தால் அது வியாபாரக் காணி. 40 வீதம் கழித்தாலும் குடியிருப்பு வளவாக மாறாது. அந்த 40 எங்கிருந்து வந்தது என்றும் நீங்கள் சொல்லவில்லை. குளப் பக்கம் பெரும்பாலும் அனுமதிப்பத்திரக் காணி, அதாவது அரசாங்கக் காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது, சும்மா விற்க முடியாது. வெறும் கடதாசியில் கைமாறுகிறபடியால் விலை குறையத்தான் செய்யும். உறுதிக் காணியோடு அதை ஒப்பிட வேண்டாம்.

இரண்டாவதுதான் உங்களுக்கு உதவும். ஆனால் உறுதியில் எழுதின விலையை நம்பாதீர்கள். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதைக் குறைக்க எங்கள் ஊரில் விலையைக் குறைத்து எழுதுவது புதிதல்ல. விற்றவரிடமே போய்க் கேளுங்கள். அதோடு 2021 விலையை இன்றைக்குக் கொண்டுவர வேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை மறக்காதீர்கள். ஒரே காணி இரண்டு தரம் விற்றிருந்தால் அதைத் தேடுங்கள், காலத்துக்கான ஏற்றம் அதில் தெரியும். வங்கி போட்ட 9 அவசரமாக விற்றால் வரும் காசு. கடனுக்கு அது சரி, பங்கு பிரிக்க அல்ல.

வேம்படி:
நன்றி ஐயா. ஏ9 காணியில் ஹார்ட்வெயார் கடைதான் எழும்புகிறது. குளப் பக்கம் நீங்கள் சொன்னபடியே அனுமதிப்பத்திரம். ஒழுங்கைக் காணியை விற்ற அம்மாவிடம் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, கையில் வாங்கினது 21 லட்சம் பிள்ளை என்றார். பரப்பு 7. ஒரு சந்தேகம்: அவர் காணியில் கிணறு இல்லை, எங்களிடம் இருக்கிறது. கிணற்றுக்குக் கழிப்பதா, கூட்டுவதா?

ஓய்வூதியக்காரர்:
எல்லாரும் தடுமாறுகிற இடம் இது. திருத்தம் எப்போதும் விற்ற காணியின் விலைக்குத்தான், உங்கள் காணிக்கு அல்ல. அதில் இல்லாதது உங்களிடம் இருந்தால் கூட்டுங்கள். அதில் கூடுதலாக இருந்தால் கழியுங்கள். கிணறு வெட்டுகிற செலவு முழுவதையும் கூட்ட வேண்டாம். வாங்குகிறவர் கிணற்றுக்காக எவ்வளவு கூடக் கொடுக்கிறார் என்பதுதான் கணக்கு.

ஒட்டுசுட்டான்காரன்:
அக்கா, விலை ஒரு பக்கம். தேசவழமை (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்தும் காணி என்றால், 1947 ஆம் ஆண்டுச் சட்டப்படி தம்பி வெளியாருக்கு விற்குமுன் பங்காளியான உங்களுக்கு அறிவிக்க வேண்டும். நொத்தாரிசிடம் ஒருக்கால் கேட்டுவையுங்கோ.

வேம்படி:
அடுத்த ஒழுங்கையில் ஒரே காணி 2020 இல் பரப்பு 6க்கும் 2024 இல் 9க்கும் போயிருக்கிறது. அந்த 50 வீத ஏற்றத்தைப் போட்டால் 7 லட்சம் 10½ ஆகிறது. கிணற்றுக்கு மொத்தம் 4 லட்சம் கூடக் கொடுப்பார்கள் என்று அயலில் சொல்கிறார்கள். பரப்புக்கு 1 என்று கூட்டினால் 11½. இன்னொரு 4 பரப்பும் கிடைத்தது: உறுதி, கிணறு, பழைய வீடு, போன மாதம் 52 லட்சம். வீட்டுக்கு 8 கழித்தால் 44, அதாவது பரப்பு 11. அப்பாடா, இரண்டும் கிட்ட வந்துவிட்டன.

தம்பிக்கு அனுப்பினேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: “அந்தக் கூரை சரிந்த வீட்டுக்கு 8 லட்சமா?”

ஓய்வூதியக்காரர்:
கெட்டிக்காரத் தம்பி. அது கூட்டிக் கழித்த கணக்கு அல்ல, நீங்கள் ஊகித்தது. வாங்கினவர் வீட்டை இடிக்கிறாரா, குடியிருக்கிறாரா?

வேம்படி:
இடிக்கிறார்கள் ஐயா, கூரை ஓடுகளையும் கதவுகளையும் கழற்றி வேலியோரம் அடுக்கியிருக்கிறார்கள். அதனால் 8க்குப் பதில் 5 தான் கழித்தேன். பரப்பு 11¾. அவன் பாதி 23க்கும் 23½க்கும் இடையில் வருகிறது. 23 என்று சொல்லிவிட்டேன், ஓம் என்றான்.