சந்திர கிரகணம்: உங்கள் மனதை விட்டுப் போகாத இரவு எது?

விண்மீன்விரும்பி

2018 ஜூலை 27. முழு மறைப்பு மட்டும் 103 நிமிடம், இந்த நூற்றாண்டிலேயே நீளமானது, அதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மறக்காதது வேறு. பௌர்ணமி வெளிச்சத்தில் நட்சத்திரமே அதிகம் தெரியாது இல்லையா, அன்று நிலாவின் கடைசி வெள்ளை ஓரமும் மறைந்த கொஞ்ச நேரத்தில் பால்வீதி அப்படியே மேலெழுந்து வந்துவிட்டது. நிலாவுக்குச் சற்றுத் தள்ளிச் செவ்வாய், அதுவும் அன்றைக்கே சூரியனுக்கு நேர் எதிரில் இருந்ததால் பளீரென்று எரிந்தது. நிலாவை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் பார்த்த எந்தக் கிரகணத்திலும் அந்த இருட்டு கிடைக்கவில்லை. இது ஏன் வருடா வருடம் நமக்குக் கிடைப்பதில்லை?

பழையநிழல்

2018-ஐ இருட்டு என்கிறீர்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1992 டிசம்பர் 9 இரவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முந்தைய ஆண்டு ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்து, அதன் கந்தகத் துகள்கள் உயரே பரவிக் கிடந்த காலம். பூமியின் காற்று வழியாக வளைந்து போகும் ஒளிதான் நிலாவைச் சிவப்பாக்குகிறது, அந்த ஒளியே வழியில் தடுக்கப்பட்டுவிட்டது. சிவப்பாவது ஒன்றாவது, சாம்பல் கறை ஒன்று இருந்தது, ஒரு நொடி கண்ணை எடுத்தால் மறுபடி தேடித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நின்றவர் மேகம் மறைத்துவிட்டது என்று கிளம்பியே போய்விட்டார். மேகம் இல்லை ஐயா, சுற்றிலும் நட்சத்திரங்கள் அத்தனை தெளிவாகத் தெரிந்தன. அவரை நிறுத்திச் சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் தோன்றுகிறது.

கிழக்குமேடு

2022 நவம்பர் 8, நிலா உதிக்கும்போதே முழுக்க மறைந்திருந்தது. கிழக்கே தொடுவானம் திறந்துதான் கிடந்தது, உதய நேரமும் தாண்டிவிட்டது, நிலாவைக் காணோம்! வானத்தில் இன்னும் அந்தி வெளிச்சம், அதில் அந்த மங்கல் வட்டம் கரைந்தே போயிருந்தது. பைனாகுலரை அங்குலம் அங்குலமாக நகர்த்தி ஒரு வழியாகப் பிடித்தபோது கை நடுங்கியது. எனக்குக் கிழக்கே இருந்தவர்கள் முழுக்கப் பார்த்தார்கள், நமக்கு மட்டும் பாதி.

உலகநேரம்

கிழக்குமேடு, "நமக்கு மட்டும் பாதி" என்று வருந்தாதீர்கள், ஐரோப்பாவில் பெரும்பகுதிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அன்று அதுவும் இல்லை. என் அனுபவம் சின்னது: 2020-இல் நான்கு சந்திர கிரகணம் வந்தது, நான்குமே புறநிழல், அதாவது நிலா பூமியின் கரு நிழலைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள மங்கலான வெளி நிழலில் மட்டும் போவது. ஜூன் 5 இரவில் நிலாவின் ஒரு பக்கம் லேசாகப் புகை படிந்த மாதிரி இருந்ததைக் கூட வந்தவர்களிடம் காட்டினேன், ஒருவரும் நம்பவில்லை. அதிலிருந்து "கிரகணம்" என்ற அறிவிப்பைக் கேட்டதும் என்ன வகை என்றுதான் முதலில் பார்ப்பேன்.

விண்மீன்விரும்பி கேட்டதற்கு வருகிறேன். பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமியிலும் நிழலில் சிக்காது. சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. வருடத்துக்குக் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் ஐந்து, ஆனால் அதில் புறநிழலும் சேர்த்தி. 2027-இல் மூன்று வருகிறது, மூன்றும் புறநிழல், அதிலும் ஜூலை 18 பெயரளவுக்குத்தான். எங்கே தெரியும் என்பது இன்னும் எளிது: அந்த நேரத்தில் நிலா உங்கள் தொடுவானத்துக்கு மேலே இருந்தால் தெரியும், அவ்வளவே. சூரிய கிரகணம் மாதிரி குறுகிய பாதையைத் தேடி ஓட வேண்டியதில்லை. 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 3 முழு கிரகணத்துக்கு உச்சம் உலக நேரம் (UTC) 11:33, அதனால் பசிபிக் பகுதிக்கு முழு விருந்து, ஆசியாவின் கிழக்கில் மாலை, வட அமெரிக்காவின் மேற்கில் விடியற்காலை, ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒன்றுமில்லை. ஆகஸ்ட் 28-க்கு உச்சம் 04:13, நிலாவின் விட்டத்தில் 93 சதவீதம் மறையும், ஆசியாவில் பெரும்பகுதிக்கு அது பகல். அமெரிக்கக் கண்டங்களில் இருப்பவர்கள் 27-ஆம் தேதி இரவே வெளியே வந்துவிட வேண்டும், 28 இரவு வந்தால் வெறும் நிலாதான். தேதியை மட்டும் பார்க்காதீர்கள், உலக நேரத்தை உங்கள் நேரத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் உங்கள் ஊர் நிலா உதயத்தையும் மறைவையும் அதோடு ஒப்பிடுங்கள்.

வெள்ளிக்கோடு

புறநிழலை அப்படி ஒதுக்க வேண்டாம் உலகநேரம், நீங்கள் பார்த்த அந்தப் புகை மங்கல் அழகான விஷயம்தான். எனக்கு 2021 நவம்பர் 19. முழு கிரகணம் இல்லை, 97 சதவீதம். பகுதி மறைப்பே மூன்றரை மணி நேரம் கிட்ட நீண்டது, உச்சத்தில் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிச்சம். அது மறையவே இல்லை, மறுபடி தடித்துவிட்டது.

விண்மீன்விரும்பி, ஒரே மாதிரியான கிரகணங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்ப வரும், அதைச் சாரோஸ் வரிசை என்பார்கள். உங்கள் 2018 கிரகணத்தின் வரிசையில் அடுத்தது 2036 ஆகஸ்ட் 7. இடைவெளி 18 வருடம், பத்துப் பதினோரு நாள், அதற்கு மேல் சுமார் 8 மணி நேரம். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுழன்றுவிடுவதால் காட்சி மேற்கே தள்ளிப் போகும், அமெரிக்கக் கண்டங்களுக்கு அது நல்ல வாய்ப்பு. அவ்வளவு காத்திருக்க வேண்டாம் என்றால் 2028 டிசம்பர் 31 இருக்கிறது, முழு கிரகணம், ஒரு மணி நேரத்துக்கு மேல் முழு மறைப்பு, உச்சம் உலக நேரம் 16:52. ஆசியாவில் பெரும்பகுதிக்கு இரவு, ஆஸ்திரேலியாவில் நள்ளிரவு தாண்டியும் விடியலிலும். யார் எங்கிருந்து பார்க்கப் போகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.