முகநூலில் கதை எழுதியதால் நேர்ந்த அனுபவங்கள்

வைகைக்கரை:
அச்சில் ஒரு கதைகூட வராதவர் முகநூலில் எழுதலாமா என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் காலைப்பொழுதுதான் நினைவுக்கு வருகிறது. அம்மாவின் கடைசிக் காலத்தை வைத்து நான் பதிவிட்டிருந்த சிறுகதை, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. மேலே 'படித்ததில் பிடித்தது' என்றும் கீழே கைகூப்பும் சின்னங்களும் இருந்தன. என் பெயர் இருந்த வரியை மட்டும் காணவில்லை. அனுப்பியவர் என் சித்தப்பா. "எந்தப் புண்ணியவான் எழுதினானோ, நம்ம அண்ணி மாதிரியே இருக்கு" என்று குரல்பதிவும் போட்டிருந்தார். அது நான் எழுதியது என்றபோது, "உனக்கும் வந்துச்சா?" என்று கேட்டார். பிறகு அதே கதையை ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன். இணையத்தில் வெளியானவற்றை ஏற்பதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

கொள்ளிடத்தான்:
உங்கள் வருத்தத்தை என்னால் ஏற்க இயலவில்லை. சில நூறு படிகள் அச்சாகும் ஒரு சிற்றிதழில் அக்கதை வந்திருந்தால் உங்கள் சித்தப்பா அதைப் படித்திருப்பாரா? என் தொடர்கதையை யாரோ யூடியூபில் வாசித்துப் போட்டிருந்தார்கள். புகார் கொடுத்தேன், நீக்கப்பட்டது, அவ்வளவுதான். புதிதாக எழுதுகிறவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த படைப்பு பதிவு செய்யப்படாவிட்டாலும் எழுதியவருக்கே உரியது; அவ்வுரிமை அவரது ஆயுளுக்கும் அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். போட்டிகளில் 'வேறெங்கும் வெளிவராத படைப்பு' என்று உறுதிமொழி கேட்டால், அதில் முகநூலும் வலைப்பூவும் அடங்கும் என்றே கொள்ளுங்கள். ஆகவே முழுக் கதையையும் போடாமல் தொடக்கப் பகுதியை மட்டும் போடுங்கள். அமேசானின் கிண்டில் மின்னூலை, அங்கு மட்டுமே வெளியிட ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தால், 90 நாள்களுக்கு அந்த மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது என்பதால், பழைய பதிவுகளை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

மாடிவீட்டு வாசகி:
மேலே உள்ளவர் சட்டத்தை விளக்கியதற்கு நன்றி. யாரும் கேட்கவில்லை என்பது வேறு. பெயர் உதிர்ந்துபோவதைவிட, பெயர் ஒட்டிக்கொண்டே வருவதுதான் என் அச்சம். நான் பதிவிட்ட கதையில் ஒரு கண்காணிப்பாளர், மதிய உணவுக்குப் பின் கோப்பின் மீதே தலைசாய்த்து உறங்குவார். எங்கள் மேலாளர் என்னை அறைக்கு அழைத்து, அப்பதிவின் திரைப்பிடிப்பைக் கைப்பேசியில் காட்டி, உறங்கும் வரியை விரல்களால் பெரிதாக்கி, "இது யாரும்மா?" என்றார். கற்பனை என்றேன். "அந்தப் பச்சை டிஃபன் கேரியரும் கற்பனைதானா?" என்று கேட்டார்.

அச்சில் வந்தால் இந்தத் தொல்லை இராது என்று தோழியர் சொல்கிறார்கள். 2010இல் நூலாக வந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல், நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக்கு உள்ளானது. 2015 ஜனவரியில் அவர் எழுத்தை நிறுத்துவதாக அறிவித்தது முகநூலில். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது 2016 ஜூலையில். அச்சு எப்படிப் பாதுகாப்பாகும்?

இப்போது புனைபெயரில் எழுதுகிறேன். அண்மையில் நாவல் கைப்பிரதியோடு அணுகிய பதிப்பாளர், ஒரு பக்கத்தையும் புரட்டாமல், முகநூலில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டார். புனைபெயர்க் கணக்கில் இருப்பவர்கள் சொற்பம். சொந்தப் பெயரில் இருப்பவர்களில் பாதிப் பேர் அலுவலகத்தார். எந்தக் கணக்கைக் காட்டுவது என்பதற்குக் கொள்ளிடத்தான் ஒரு சட்டப்பிரிவு வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.