அனலாக் ஸ்டிக்குக்குச் ‘சாய்பிடி’: சில திருத்தங்கள்

காரைக்குடியிலிருந்து:

பழைய ஆட்டக்கருவிகளைக் கணினியில் போலச் செய்யும் எமுலேட்டரின் தமிழாக்கப் பட்டியலில், கட்டுப்படுத்தியில் கட்டைவிரலால் சாய்க்கும் அனலாக் ஸ்டிக்குக்கு உள்ள ‘ஒப்புமைக் குச்சி’யை எடுத்துவிடலாம். எவ்வளவு சாய்க்கிறோம் என்பதுதான் ஆட்டத்துக்குள் போகிறது. விளையாடுகிறவருக்கு அது போதும். ‘சாய்பிடி’ என்றால் பார்த்ததும் விளங்கும். ‘சாய்வளவு’, ‘சாய்திசை’ என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும்.

மையத்தருகே சிறு சாய்வைக் கணக்கில் எடுக்காத இடம்தான் டெட் ஸோன். அதற்கு ‘இறந்த பகுதி’ வேண்டவே வேண்டாம். ‘உணராப் பரப்பு’ என்கிறேன். ‘உணரா வட்டம்’ இன்னும் அழகுதான், ஆனால் அது எப்போதும் வட்டமாக இருப்பதில்லை. ஒவ்வொரு அச்சிலும் தனித்தனியாகக் கழித்தால் சிலுவை வடிவம் வரும்: பிடியை மேலே தள்ளிச் சற்றே வலப்பக்கம் சாய்த்தாலும் வலப்பக்க மதிப்பு 0-விலேயே நிற்கும், ஆள் நேர்கோட்டில் ஒட்டிக்கொண்டே ஓடுவான். மையத்திலிருந்து உள்ள தொலைவை அளந்து கழித்தால்தான் வட்டம். அப்போதும் மிச்சத்தை 0 முதல் 1 வரை திரும்ப விரிக்க வேண்டும்: (தொலைவு − பரப்பு) ÷ (1 − பரப்பு). விரிக்காமல், பரப்புக்குள் உள்ளதை மட்டும் 0 ஆக்கிவிட்டால், பரப்பை 0.2 என்று வைத்தவருக்கு முதல் அசைவே 0.2-இலிருந்து துள்ளும், மெதுவாக நடக்கவே முடியாது. இதோடு ஆட்டத்துக்கும் சொந்தப் பரப்பு உண்டு. நிண்டெண்டோ 64 கருவியின் ஆட்டமான சூப்பர் மாரியோ 64, ஒவ்வொரு அச்சிலும் 8-க்குக் குறைந்த மதிப்பைக் கண்டுகொள்ளாது (முழுச் சாய்வு ஏறக்குறைய 80). அதனால் எமுலேட்டரின் அமைப்புப் பட்டியில் பரப்பின் தொடக்க மதிப்பைச் சிறிதாகவே வைக்க வேண்டும்.

அடுத்தது கேட், அதாவது பிடி சாயும் எல்லையில் அதைத் தடுக்கும் விளிம்பு. ஆட்டுக்கல் குழியில் குழவி ஓரத்தைத் தொட்டுச் சுற்றுவதுபோலப் பிடியும் ஓர் ஓரத்தைத் தொட்டே சுற்றுகிறது. ஆகவே ‘ஓரச்சட்டம்’. 1996-இல் வந்த நிண்டெண்டோ 64-இன் ஓரச்சட்டம் எண்கோணம். நேரே தள்ளினால் ஏறக்குறைய 80, மூலையில் இரண்டு அச்சிலும் ஏறக்குறைய 70. இன்றைய கட்டுப்படுத்திகளில் பெரும்பாலும் வட்டம். நேர்த்திசையை 80-க்குப் பொருத்தினால் மூலைத்திசையில் 57-தான் கிடைக்கும். சாய்வளவை 64-இல் நிறுத்திவிடும் மாரியோவில் இது தெரியாது. அச்சுகளைத் தனித்தனியாகப் படிக்கும் ஆட்டங்களில் குறுக்கே போகும்போது வேகம் குறையும். அதைச் சரிக்கட்ட 127 வரை நீட்டிவிட்டால், பாதியைச் சற்றுத் தாண்டிச் சாய்த்ததுமே முழு ஓட்டம் வந்துவிடும். எதுவரை நீட்டுவது என்ற இந்த அமைப்புக்குச் ‘சாய்வு எல்லை’ என்று பெயர் வைக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து மறுமொழி:

அண்ணே, சாய்பிடியும் ஓரச்சட்டமும் அப்படியே இருக்கட்டும். சாய்வு எல்லைக்கும் சரி. தொடாதபோதும் பிடி சாய்ந்ததுபோல் மதிப்பு வரும் பழுதான டிரிஃப்டுக்குப் பட்டியலில் உள்ள ‘நகர்வு’தான் உதவாது, நகர்வது பிடியின் வேலை, பழுது இல்லை. பழுது பார்க்கிறவர்கள் ‘ஸ்டிக் ஒரு பக்கம் இழுக்குது’ என்கிறார்கள், வண்டிக்குச் சொல்கிற அதே சொல். ‘இழுப்பு’ என்றே வைப்போம்.

ஆனால் இரண்டு கோளாறுகளை ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. பொட்டென்ஷியோமீட்டர் (உரசி நகரும் மாறு மின்தடை) வைத்த பிடியில் கரித்தடம் தேய்ந்தோ தூசி சேர்ந்தோ மதிப்பு தடுமாறும். இதுதான் இழுப்பு. காண்டாக்ட் கிளீனர் என்ற துப்புரவுத் தெளிப்பை அடித்தால் தூசி போகும், தேய்ந்த தடம் திரும்ப வராது. பிறகு பிடியையே மாற்ற வேண்டும்: பிளேஸ்டேஷன் 4-இன் கட்டுப்படுத்தியான டூயல்ஷாக் 4-இல் 14 பற்றுப்புள்ளிகளையும் ஈயம் உறிஞ்சி எடுத்த பிறகே அது கழலும், அவசரப்பட்டு நெம்பினால் பலகையின் செம்புத்தடம் பிய்ந்துவிடும். ஹால் சென்சார் பிடியில் காந்தப்புலத்தைத்தான் சென்சார் அளக்கிறது, உரசுகிற தடம் கிடையாது. மாட்டிய பிறகு மையத்தைத் திரும்பப் பதிவு செய்ய மறக்கக் கூடாது.

அசல் நிண்டெண்டோ 64 பிடி வேறு வகை. துளைச் சக்கரம் ஒளியை மறைத்து மறைத்துக் கொடுக்கும் துடிப்புகளை அது எண்ணுகிறது. மின்சாரம் வரும்போது பிடி எங்கே நிற்கிறதோ அதையே 0 என்று எடுத்துக்கொள்ளும். சாய்த்துப் பிடித்தபடி இயக்கினால் ஆட்டம் முழுக்கக் கோணலாகவே போகும். இதற்கு ‘மையப்பிசகு’ என்று தனிச்சொல் வேண்டும். உணராப் பரப்பைக் கூட்டுவது இதற்கு மருந்தில்லை. பிடியை விட்டுவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் பொத்தான்கள் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். உதவிக் குறிப்பில் இந்த வரியை மையப்பிசகுக்கு நேராகவும், ‘பரப்பை 0.05 படியாகக் கூட்டிப் பார்க்கவும்’ என்பதை இழுப்புக்கு நேராகவும் போட்டுவிடுங்கள்.