'கும்': வெல்ஷில் ஒன்று, ஆங்கிலத்தில் வேறா?

காட்பாடி மாணவன்: குரூப் 1 தேர்வுக்குப் புவியியல் படிக்கிறேன். எவரெஸ்ட் பகுதியில் 'வெஸ்டர்ன் கும்' என்று வருகிறது. எழுத்து சி, டபிள்யூ, எம், உயிரெழுத்தே காணோம். நம் பாடநூல் சொல்லும் சர்க்குதானா இது? ஜவ்வாது மலைப் பள்ளத்தாக்கையும் கும் எனலாமா? 'கும்பம்'தான் மூலம் என்கிறார் ஒருவர்.

ஆற்காட்டான்: உயிர் இருக்கிறது தம்பி. இது வெல்ஷ், அதாவது வேல்ஸ் நாட்டு மொழிச் சொல். அதில் டபிள்யூ உயிராகவும் வரும். இங்கே குறில் உகரம். 'கும்பல்' சொல்லும்போது வரும் 'கும்' போதும்.

வெல்ஷில் அதற்குப் பள்ளத்தாக்கு என்றுதான் பொருள். நிலக்கரிக்குப் பேர்போன ரொந்தாவும் 'கும் ரொந்தா'தான். ஆங்கிலப் புவியியல் அதைப் பனியாறு குடைந்த குழிக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது: பின்னால் செங்குத்துச் சுவர், நடுவில் ஆழமான தரை, முன்னால் மேடான விளிம்பு. பனி உருகிப்போனால் விளிம்புக்குள் நீர் தேங்கி டார்ன் ஏரியாகும். ஆக, சர்க்கு, ஸ்காட்லாந்தின் காரி, கும் மூன்றும் ஒன்றே. வடவேல்ஸின் கும் இட்வால் இதற்கு அசல் மாதிரி. 1831-ல் அங்கே போன டார்வினுக்கே பனியாற்றின் தடயம் கண்ணில் படவில்லை. 1842-ல் மறுபடி போனபோதுதான் பிடிபட்டது.

எவரெஸ்டில் அந்தப் பெயரை 1921-ல் வைத்தவர் ஜார்ஜ் மலோரி. வேல்ஸ் பாறைகளில் ஏறிப் பழகியவர். அங்கே பனி இன்னும் கிடப்பதால் ஏரி இல்லை.

வாலாஜா வாசகி: அதே இடத்தின் 'கும்பு' பனியாற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நேபாள வட்டாரப் பெயர், வெல்ஷோடு சம்பந்தமில்லை.

கும்பத்தை மூலம் என்பது தவறு. வெல்ஷ் பிறந்த கெல்டிய மொழிக்குடும்பத்தில் பழைய வடிவம் 'கும்ப்-'. வெல்ஷில் 'ம்ப்' தேய்ந்து 'ம்' ஆகும். 'வளைந்த' என்னும் 'கம்ப்-' அங்கே 'கம்' ஆனதும் அப்படித்தான். பழைய ஆங்கிலம் அந்தக் கெல்டியச் சொல்லை முன்பே வாங்கியதால் பகரம் தங்கியது: டெவன் கடற்கரையின் சால்கம் ஊர்ப்பெயர் எழுத்தில் இன்றும் 'பி' உண்டு, உச்சரிப்பில் இல்லை. வடமொழிக் கும்பத்தைச் சில அகராதிகள் உறவுச்சொல்லாகப் பக்கத்தில் வைக்கின்றன. உறவு வேறு, மூலம் வேறு.

ஆம்பூர் அகராதி: வெல்ஷ் அகராதியில் தேடுவோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முன்சொல்லைப் பொறுத்து முதலெழுத்து மாறும். 'கும் ரொந்தாவுக்கு' என்றால் கும்மின் சி போய் ஜி வரும். 'கும் ரொந்தாவில்' என்றால் என்-ஜி-எச். 'மற்றும்' என்பதற்குப் பின் சி-எச். எதைப் பார்த்தாலும் சி-க்குத் திருப்பித் தேடுங்கள். பன்மை 'கமோய்த்', அதில் டபிள்யூ, ஒய் ஆகிவிடும். தமிழில் எழுதும்போது சி, ஜி இரண்டும் ககரமே என்பதால் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது.

காட்பாடி மாணவன்: நன்றி சார். ஜவ்வாது?

ஆற்காட்டான்: வெல்ஷ்காரர் தாராளமாகச் சொல்வார். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும். அந்தப் பள்ளத்தாக்குகள் ஓடை அரித்தவை, பனியாறு குடைந்தவை அல்ல.