பாலிமர் கிளே நேம் மேக்னட்ல எழுத்தைச் சுத்தி கருப்பு கறை போகவே மாட்டேங்குது

எல்லாருக்கும் வணக்கம், நான் கோயம்புத்தூர். கொலு ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு 20 நேம் மேக்னட் ஆர்டர் எடுத்திருக்கேன், கையில 10 நாள்தான் இருக்கு. வெள்ளை பாலிமர் கிளே (சூடு பண்ணா கெட்டியாகற பிளாஸ்டிக் களிமண்), 5 மிமீ கனம், எழுத்து 8 மிமீ உயரம். தமிழ் எழுத்து ஸ்டாம்ப் எனக்கு எங்கயும் கிடைக்கல, அதனால ஊசி டூலால கையாலயே கீறி, ஓடிஜில (சின்ன கரண்ட் அவன்) 130 டிகிரில 30 நிமிஷம் பேக் பண்றேன், உள்ள தனியா தெர்மாமீட்டர் வெச்சு செக் பண்ணிட்டேன், சூடு சரியாத்தான் இருக்கு.

பிரச்சனை அதுக்கப்புறம்தான். கருப்பு அக்ரிலிக் பெயிண்ட்டை எழுத்துக்குள்ள தேய்ச்சு மேல துடைச்சா, சுத்தி சாம்பல் கலர்ல ஒரு படலம் நின்னுடுது, 'ழ'வோட வால் பக்கம் ஊசி இழுத்த பிசிறுல கருப்பு போய் உக்காந்து எழுத்தே தடிச்சுப் போய் தெரியுது.

ஈரத்துணி, பேபி வைப்ஸ் ரெண்டுலயும் துடைச்சாச்சு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சா கறையோட சேர்ந்து எழுத்துக்குள்ள இருக்கற பெயிண்ட்டும் வந்துடுது. 600, 1000 உப்புத்தாள் தண்ணி தொட்டு தேய்ச்சேன், கறை போச்சு, ஆனா மெல்லிசா கீறின சுழியும் கூடவே போயிடுச்சு. பேக் பண்றதுக்கு முன்னாடி மேல கிளிங் ராப் (மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்) போட்டு கீறினா பிசிறு வரல, ஆனா கோடு அகலமாகி 'ணை', 'னை' எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது.

பேக் பண்ணதும் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே தண்ணி பேஸ்டு வார்னிஷ் ஒரு கோட் கொடுத்துட்டா, கறை பிடிக்காம எழுத்துக்குள்ள மட்டும் கருப்பு நிக்குமா, செஞ்சு பார்த்தவங்க யாராவது சொல்லுங்க?