மறுமொழி: கேண்டிடேட்டுக்கு ‘வேட்பாளர்’ வேண்டாமே

> “பிந்திய துளி வேட்பாளரின் வருகை நேரம்” என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வணக்கம்.

ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தமிழாக்கும்போது ‘லேட் ட்ரிக்கிள் கேண்டிடேட்’ வருகை நேரம் என்ற தலைப்புக்கு நீங்கள் போட்ட வரி இது. இதைப் படிப்பவர் தேர்தல் செய்தி என்றுதான் நினைப்பார். கேண்டிடேட்டுக்கு ‘வேட்பாளர்’ என்று அகராதி சொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஃபயர்பாக்ஸ் இங்கே எதை அளக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடலாம்.

வெப்ஆர்டிசி (உலாவிக்குள்ளேயே குரல், காணொளி அழைப்பு நடத்த உதவும் தொழில்நுட்பம்) வழியாக இரண்டு உலாவிகள் நேரடியாகப் பேச வேண்டும் என்றால், தன்னை எந்த ஐபி முகவரியில், எந்தப் போர்ட்டில் அணுகலாம் என்று ஒவ்வொன்றும் திரட்டி மற்றதற்கு அனுப்பும். கணினியின் சொந்த முகவரி ஒன்று. ரவுட்டருக்கு வெளியே தெரியும் முகவரி இன்னொன்று. இதை ஸ்டன் சேவையகத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். இரண்டும் பலிக்காவிட்டால், டர்ன் சேவையகம் நடுவில் நின்று கடத்தித் தரும் முகவரி. இரு பக்கத்து முகவரிகளையும் சோடி சேர்த்து, ஒவ்வொரு சோடியாகச் சோதித்து, பதில் வருகிறவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் ஐஸ் நெறிமுறை.

ஆக, கேண்டிடேட் என்பது ஆள் இல்லை, முகவரி. பயன்படலாம், படாமலும் போகலாம். ‘வாய்ப்பு முகவரி’ என் பரிந்துரை. இரண்டு சேர்ந்தால் ‘முகவரிச் சோடி’. ‘இணை’ என்று போட்டால் ‘இணைப்பு’ பக்கத்திலேயே வந்து குழப்பும்.

> உத்தேச முகவரி?

உத்தேசம் என்றால் குத்துமதிப்பு என்று தோன்றும். இங்கே முகவரி துல்லியமானது. அது போய்ச் சேருமா என்பதில்தான் சந்தேகம்.

அடுத்து ட்ரிக்கிள். எல்லா முகவரிகளையும் திரட்டி முடித்தபிறகு மொத்தமாக அனுப்புவது பழைய முறை. கிடைக்கக் கிடைக்க உடனே அனுப்புவது ட்ரிக்கிள். 2021இல் ஆர்எஃப்சி 8838 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியானது. ‘துளி’ அளவைத்தான் சொல்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக வருவதைச் சொல்லவில்லை. சொட்டுநீர்ப் பாசனம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் ‘சொட்டுமுறை’ எளிதில் பிடிபடும்.

என் முக்கியமான ஆட்சேபம் ‘பிந்திய’ மேல்தான். ஃபயர்பாக்ஸ் டெலிமெட்ரியில் (உலாவி தன் செயல்பாட்டைப் பற்றித் திரட்டும் புள்ளிவிவரம்) இதற்கு இரண்டு அளவீடுகள் சேர்த்தார்கள். இரண்டுமே ஐஸ் தொடங்கியதிலிருந்து முகவரி வந்துசேர எத்தனை மில்லிநொடி ஆனது என்றுதான் கணக்கிடுகின்றன. ஒன்று, ஐஸ் இன்னும் தோல்வி நிலைக்குப் போகாதபோது வந்தவற்றுக்கு. மற்றது, தோல்வி என்று கைவிட்டபிறகு வந்தவற்றுக்கு. அதனால் ஓர் அழைப்பில் பத்தாவது நொடியில் வந்த முகவரி முதல் கணக்கிலும், வேறோர் அழைப்பில் ஆறாவது நொடியில் வந்தது இரண்டாவது கணக்கிலும் விழலாம். ‘பிந்திய’, ‘தாமதமான’ என்று எழுதினால் நெட்வொர்க் மெதுவாக இருந்தது என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். உலாவி கொஞ்சம் பொறுத்திருந்தால் இணைப்பு கிடைத்திருக்குமோ என்ற கேள்விக்காகத்தானே இந்த அளவீடே! அந்தக் கேள்வி சொல்லிலேயே தெரிய வேண்டும்.

எனவே:

கைவிட்டபின் வந்த சொட்டுமுறை வாய்ப்பு முகவரி: வருகை நேரம்
உரிய வேளையில் வந்த சொட்டுமுறை வாய்ப்பு முகவரி: வருகை நேரம்

நீளம்தான். ஆனால் இது பொத்தானில் வரும் எழுத்து இல்லையே, வரைபடத்தின் தலைப்பு, இடம் இருக்கிறது.

ஐஸ், ஸ்டன், டர்ன் மூன்றும் சுருக்கப்பெயர்கள், அப்படியே இருக்கட்டும். பனிக்கட்டி என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று பாக்கி. இணைப்பு நிலைகளில் ‘ஃபெய்ல்டு’ தோல்வி, சரி. ‘டிஸ்கனெக்டடு’ என்பதற்குத் ‘துண்டிப்பு’ என்று நம் சொற்பட்டியலில் இருக்கிறது. அந்த நிலையிலிருந்து இணைப்பு தானாகவே மீள்வதும் உண்டு. துண்டிப்பு என்றால் கதை முடிந்தது போல் இருக்கிறது. ‘தொடர்பு விட்டிருக்கிறது’ என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.