உடுமலை டீலர் யார் கணக்கு?

கோவை உறுப்பினர்:
பம்பு, மோட்டார் கம்பெனியில் விற்பனைப் பிரிவு எனக்கு. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற விற்பனை சாஃப்ட்வேரில், எந்த டீலர் எந்த விற்பனையாளருக்கு என்று ஏரியா பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பின்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்து விதி எழுதினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திருப்பூர் மாவட்டம் 2009-இல்தான் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. பின்கோடு பழையபடியேதான். பல்லடம் 641, உடுமலை 642, காங்கேயமும் தாராபுரமும் 638. திங்கட்கிழமை திறந்து பார்த்தால் ஒரே மாவட்டம் மூன்று பேர் கையில். உடுமலை டீலர்கள் பொள்ளாச்சித் தம்பிக்கும், காங்கேயத்துக்காரர்கள் ஈரோட்டு அண்ணனுக்கும் போய்விட்டார்கள்.

காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருப்பவர் போன் செய்தார். "ஏனுங்க, பத்து வருசமா வந்துட்டிருந்த தம்பியக் காணமுங்க. புதுசா ஒருத்தர் வந்து உங்க களம் எங்கீங்கன்னு கேக்கறாருங்க. என்ன சமாச்சாரமுங்க?" என் முகத்தில் ஈயாடவில்லை.

அப்புறம் வட்டம் (தாலுகா) பார்த்து விதியை மாற்றினேன். இந்த முறை நேராக ஆக்டிவ் செய்யவில்லை. புது மாடலை, அதாவது புது ஏரியாப் பிரிப்பை, நடைமுறைக்கு வராத 'பிளானிங்' நிலையிலேயே ஓட்டி, யார் யாருக்குப் போகிறார்கள் என்ற பட்டியலைப் பழைய ஆட்களிடம் கொடுத்தேன். டீக்கடையில் உட்கார்ந்து பேனாவால் 17 பேரை அடித்து மாற்றினார்கள். ஒரு சமயத்தில் ஒரு மாடல்தான் ஆக்டிவாக இருக்கும். அதுவரை என் தப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

திருச்செங்கோடு உறுப்பினர்:
உங்களுக்காவது வாடிக்கையாளர் ஊரில் இருக்கிறார். நாங்கள் போர்வெல் வண்டிக்கு, துளை போடும் பிட், ஹேமர் விற்கிறோம். வண்டி முதலாளியின் வீடும் ஆபீசும் இங்கே. வண்டியோ ஆந்திராவில், இல்லாவிட்டால் மகாராஷ்டிரத்தில். பில் முகவரியைப் பார்த்து எல்லாக் கணக்கும் எனக்கே வந்து நின்றது. பிட் உடைந்தால் போன் போவதோ அனந்தபூரில் இருக்கும் எங்கள் ஆளுக்கு. அவர் திரையில் அந்தக் கணக்கே தெரியாது.

சரி என்று கணக்கை இரண்டு ஏரியாவிலும் சேர்த்தோம். அதற்கு வழி இருக்கிறது. ஆனால் ஒரு ஆப்பர்ச்சுனிட்டிக்கு, அதாவது நடக்கப்போகும் ஒரு விற்பனைக்கு, ஒரு ஏரியாதான். முதலாளியிடம் பேசி முடித்தவன் நான், ஆர்டர் வாங்கியது அவர். இன்சென்டிவ் யாருக்குங்க?

கோவை உறுப்பினர்:
எங்களிடம் சரக்கு இறங்கும் ஊர்க்காரருக்கு. பேசி முடித்தவர் பங்கை மேனேஜர் தனியாக ஒரு எக்செலில் குறித்து வைக்கிறார். அந்த எக்செலை ஒழிக்கத்தான் இந்த சாஃப்ட்வேரையே வாங்கினோம்.